காதோரம் வந்த அயல்குரல்

ஒரு நாடகமோ இசை நிகழ்ச்சியோ பெரிய விளையாட்டுப் போட்டியோ நடந்துகொண்டிருக்கும்போது, பார்வையாளரின் செவிக்கு எட்டாத இன்னோர் உரையாடலும் உடன் நிகழ்ந்துகொண்டிருக்கிறது. விளக்கைக் குறைக்கச் சொல்பவர், திரையை ஏற்றச் சொல்பவர், காமிராவை இடப்புறம் திருப்பச் சொல்பவர், 'ஆயிற்று' என்று மறுமொழி தருபவர் எனப் பலர், தலையில் மாட்டிய ஹெட்செட் வழியே இடைவிடாது பேசிக்கொள்கிறார்கள். இன்று அவர்களில் பெரும்பாலோரின் இடுப்பில் ஒரு சிறு பெட்டி செருகப்பட்டிருக்கும். அதிலிருந்து சுவருக்கு ஓடும் கம்பி எதுவும் இருக்காது. அவ்வப்போது அந்தக் காதுகளில், நிகழ்ச்சிக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு குரல் வந்து விழுகிறது. அல்லது வரவேண்டிய சொல் வராமலே போகிறது. பொறியியலார் இதைக் குறுக்கீடு என்கிறார்கள்.

குறுக்கீட்டுக்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதைச் சூத்திரங்களாகவும் சட்ட விதிகளாகவும் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் அதன் நடுவில் எளியதொரு கேள்வி இருக்கிறது: குறுக்கே பேசுபவர் யார்? ஒவ்வொரு தலைமுறையும் அவரை முதலில் எதிரி என்றே எண்ணியிருக்கிறது. பிறகுதான் அவர் பக்கத்துவீட்டுக்காரர் என்பதைக் கண்டுகொண்டிருக்கிறது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவைக் கடக்க என்ன விலை கொடுக்க நேர்ந்தது என்பதைச் சில நிகழ்ச்சிகளின் வழியே பார்க்கலாம்.

*

1899ல் நியூயார்க் துறைமுகத்துக்கு வெளியே நடந்த அமெரிக்கா கோப்பைப் பாய்மரப் படகுப் போட்டியின் போக்கை, கடலிலிருந்தபடியே கம்பியில்லாத் தந்தி மூலம் 'நியூயார்க் ஹெரால்ட்' இதழுக்கு அனுப்பிப் புகழ் பெற்றார் மார்க்கோனி. 1901ல் அடுத்த போட்டி வந்தபோது நிலைமை மாறியிருந்தது. மார்க்கோனியின் கருவி அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்துக்காக இயங்கியது. லீ டி ஃபாரஸ்ட் என்ற இளைஞரின் கருவி அதற்குப் போட்டியான செய்தி நிறுவனத்துக்காக இயங்கியது. மூன்றாவதாக இன்னொரு நிறுவனமும் தன் பங்குக்கு அலைகளைக் கிளப்பிவிட்டது. கரையில் காத்திருந்தவர்களால் ஒரு செய்தியையும் ஒழுங்காகப் படித்தெடுக்க முடியவில்லை.

காரணம் எளிது. அன்றைய டிரான்ஸ்மிட்டர்கள் மின்பொறியைப் பாயவிட்டு அலைகளை உண்டாக்கின. அந்தப் பொறி ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் மட்டும் ஒலிக்கவில்லை. ஆர்மோனியத்தின் கட்டைகள்மேல் முழங்கையை வைத்து அழுத்தியதுபோல, அகன்ற பரப்பில் ஒரேயடியாக ஒலித்தது. இருவர் ஒரே நேரத்தில் முழங்கையை வைத்தால் இசைக்கு ஏது இடம்?

இதற்கான மருந்து அப்போதே தெரிந்திருந்தது. 1897லேயே ஆலிவர் லாட்ஜ், டிரான்ஸ்மிட்டரையும் ரிசீவரையும் ஒரே அதிர்வுக்கு இசையவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். 1900ல் மார்க்கோனி பெற்ற 7777 எண்ணுள்ள பிரிட்டிஷ் காப்புரிமையும் இதே நெறியைச் சார்ந்ததுதான். நம் சங்கீத மரபில் சுருதி சேர்த்தல் என்கிறோமே, ஏறத்தாழ அதுவே இது. தன் சுருதிக்கு இசைந்ததை மட்டும் கேட்டு, மற்றவற்றைக் கேளாமல் விடும் கருவி. இதனால் செய்திகளின் தனிமையும் காக்கப்படும் என்று மார்க்கோனி தரப்பு பெருமையடித்துக்கொண்டது.

அந்தப் பெருமை 1903 ஜூனில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷன் அரங்கில் சோதனைக்கு உள்ளாயிற்று. ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் உரையாற்றிக்கொண்டிருந்தார். தொலைவிலுள்ள கார்ன்வாலிலிருந்து மார்க்கோனி அனுப்பும் செய்தி சபையினர் முன்னிலையில் வந்துசேர வேண்டும். அதற்குச் சற்றுமுன் கருவி தானாகத் தட்டத் தொடங்கியது. 'எலிகள்' என்ற ஒற்றைச் சொல்லே மீண்டும் மீண்டும் வந்தது. பிறகு மார்க்கோனியைக் கேலி செய்யும் வரிகள் வந்தன. அனுப்பியவர் நெவில் மாஸ்கலின், மேடை மாயாஜாலக் குடும்பத்தில் பிறந்தவர். கம்பியில்லாத் தந்தியின் வருகையால் கலங்கியிருந்த கடலடித் தந்தி நிறுவனமொன்றுக்காக மார்க்கோனியின் செய்திகளை அவர் முன்பே ஒட்டுக்கேட்டும் இருந்தார். ஃபிளெமிங் சினந்து 'டைம்ஸ்' இதழுக்கு எழுதிய கடிதத்தில் இதை 'அறிவியல் போக்கிரித்தனம்' என்று குறிப்பிட்டார். மாஸ்கலின் ஒளிந்துகொள்ளவில்லை. ஆம், நான்தான் செய்தேன், குறுக்கீடே நேராது என்ற கூற்று பொய் என்பதைப் பொதுமக்கள் அறிய வேண்டும் என்று அதே இதழில் பதிலெழுதினார்.

குறுக்கீட்டின் வரலாற்றில் உண்மையான எதிரி என்று சொல்லத்தக்கவர்களில் மாஸ்கலின் முக்கியமானவர். ஆயினும் அவர் மெய்ப்பித்த உண்மை எல்லாருக்கும் பொருந்துவது. சுருதி எவ்வளவு சரியாகச் சேர்ந்திருந்தாலும், மிக அருகிலிருந்து உரக்கப் பேசுபவனின் குரல் தொலைவிலிருந்து வரும் குரலை மூழ்கடித்துவிடும்.

*

அந்த உண்மையின் கடுமையான பாடம் 1912 ஏப்ரல் 14ஆம் நாள் இரவில் வந்தது. டைட்டானிக் கப்பலின் தந்தியாளர் ஜாக் ஃபிலிப்ஸ், பயணிகளின் சொந்தச் செய்திகளை நியூஃபவுண்ட்லாந்தின் ரேஸ் முனை நிலையத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். தொலைதூர நிலையம், மெலிந்த ஒலி, காதைக் கூர்மையாக்கிக் கேட்க வேண்டிய வேலை. அப்போது, இரவு பதினொரு மணி அளவில், அருகில் பனிப்பாறைகளுக்கிடையே நின்றுவிட்ட கலிஃபோர்னியன் கப்பலின் தந்தியாளர் சிரில் எவன்ஸ், தாங்கள் பனியால் சூழப்பட்டு நின்றுவிட்டதைத் தெரிவிக்க முற்பட்டார். அருகிலிருந்து வந்ததால் அவருடைய பொறியின் ஓசை ஃபிலிப்ஸின் காதில் இடிபோல் விழுந்திருக்கும். வாயை மூடு, நான் ரேஸ் முனையோடு வேலையாக இருக்கிறேன் என்ற பொருளில் ஃபிலிப்ஸ் பதில் தட்டினார். எவன்ஸ் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கருவியை நிறுத்திப் படுக்கப்போனார். 11.40க்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. பிறகு எழுந்த அபயக்குரலைக் கலிஃபோர்னியனில் கேட்க எவரும் விழித்திருக்கவில்லை. கார்பேதியா என்ற கப்பல் தொலைவிலிருந்து விரைந்து வந்து எழுநூறுக்கும் மேற்பட்டோரைக் காப்பாற்றியது. ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர்.

கலிஃபோர்னியன் கேட்டிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. ஃபிலிப்ஸையும் எளிதில் குறைகூற முடியாது. கப்பல் அமிழும் வரை கருவியை விட்டு அகலாமல் உயிர்விட்டவர் அவர். இங்கே நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அன்றிரவு அவருக்கு மிக இடைஞ்சலாக ஒலித்த குரலே, அவருக்கு மிக அருகிலிருந்த குரல். இடைஞ்சலாக ஒலித்ததற்குக் காரணமே அந்த அருகாமைதான்.

விபத்துக்குப் பின் அமெரிக்கா 1912 ஆகஸ்டில் வானொலிச் சட்டம் இயற்றியது. அனுப்புவோருக்கு உரிமம் கட்டாயமாயிற்று. ஆர்வலர்கள் 200 மீட்டரும் அதற்குக் குறைந்ததுமான அலைநீளங்களுக்குத் தள்ளப்பட்டனர். அன்றைய கணிப்பில் அது பயனற்ற புறம்போக்கு. 1914ல் லண்டனில் கையெழுத்தான கடல் பாதுகாப்பு ஒப்பந்தம், கப்பல்களில் இடையறாத தந்திக் காவலை வலியுறுத்தியது. குறுக்கீட்டைக் கட்டுப்படுத்த, கருவியைத் திருத்துவது ஒரு வழி, வெளியைப் பங்கிடுவது மறுவழி என்பது அப்போது நிலைபெற்றது.

பங்கீடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் விரைவில் தெரிந்தது. 1926ல் ஸெனித் வானொலி நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், அலைவரிசைகளை ஒதுக்கிக் கட்டுப்படுத்த வணிகத்துறைச் செயலர் ஹெர்பர்ட் ஹூவருக்குச் சட்டப்படி அதிகாரமில்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த சில மாதங்களில் நிலையங்கள் விருப்பம்போல் அலைவரிசையை மாற்றின, வலிமையைக் கூட்டின. வானொலி வாங்கியவர்கள் வீட்டில் சீழ்க்கையும் கூச்சலும் கேட்டார்கள். 1927 பிப்ரவரியில் புதிய சட்டம் வந்தது. அலைவெளி எவருக்கும் சொந்தமன்று, உரிமம் பெற்றவர் பொதுநலனுக்குட்பட்டு அதைப் பயன்படுத்தலாம் என்பதே அதன் சாரம்.

*

பங்கீடும் ஒரு கொடுமையாக மாறக்கூடும் என்பதற்கு எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங்கின் வாழ்க்கை சான்று. வானொலியில் இடிமின்னலாலும் இயந்திரங்களாலும் எழும் கரகரப்பை ஒழிக்கப் பலரும் முயன்று தோற்ற பின், 1933ல் அவர் பண்பலை முறைக்குக் காப்புரிமை பெற்றார். அலையின் வீச்சை மாற்றாமல் அதிர்வெண்ணை மாற்றிப் பேச்சை ஏற்றும் முறை அது. 1935ல் நியூயார்க்கில் பொறியாளர் அவையின் முன் அதைச் செய்துகாட்டியபோது, அந்த அமைதியே கேட்டவர்களை வியக்கவைத்தது. இரண்டாம் உலகப்போரில் வீரர்கள் முதுகில் சுமந்த எஸ்சிஆர்-300 வாக்கி டாக்கி பண்பலையில் இயங்கியது. இராணுவம் தம் காப்புரிமைகளைக் கட்டணமின்றிப் பயன்படுத்த ஆர்ம்ஸ்ட்ராங் இசைவு தந்திருந்தார்.

1945ல், அமெரிக்கத் தொடர்பாணையம் பண்பலை ஒலிபரப்பை 42 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பழைய இடத்திலிருந்து 88க்கு மேற்பட்ட புதிய இடத்துக்கு மாற்றியது. பழைய இடத்தில் அயனி மண்டலத்தால் தொலைதூரக் குறுக்கீடு நேரும் என்பது முன்வைக்கப்பட்ட காரணம். ஆர்ம்ஸ்ட்ராங் அதைக் கடுமையாக மறுத்தார். பயனில்லை. அதுவரை விற்ற ரிசீவர்கள் ஒரே ஆணையில் பயனற்றுப் போயின. பெரிய நிறுவனங்களுடன் ஆண்டுக்கணக்கில் நீண்ட காப்புரிமை வழக்குகள் அவரைக் கரைத்தன. 1954 ஜனவரியில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் மனைவி மரியன் வழக்குகளைத் தொடர்ந்து நடத்தி வென்றார். கடைசி வழக்கு முடிய 1967 ஆயிற்று. குறுக்கீட்டை வென்ற மனிதரை, குறுக்கீட்டையே காரணம் காட்டி இடம்பெயர்த்தார்கள் என்பது கசப்பான முரண்.

பண்பலைக்கு ஒரு தனிப்பண்பு உண்டு. பழைய வீச்சுமுறையில் இரு நிலையங்கள் மோதினால் இரண்டும் கலந்து கேட்கும். பண்பலையில் வலியது மெலியதை முற்றிலுமாக அடக்கிவிடும். இதனால் நன்மை பெரிது, தீமையும் உண்டு. நம்முடைய அலை சற்றே மெலிந்த கணத்தில், கரகரப்பு என்ற முன்னறிவிப்பு எதுவுமின்றி, வேறொருவரின் முழுக்குரல் தெளிவாக நம் காதில் வந்து அமர்ந்துவிடும். ஹெட்செட்டில் கேட்கும் அயல்குரல் அத்தனை துலக்கமாக இருப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

*

விளையாட்டுக் களத்தில் இந்தக் கதை தெளிவாகத் தெரிகிறது. அமெரிக்கக் கால்பந்தில் ஒவ்வோர் ஆட்ட அடிக்கும் முன்பாக, எந்தத் திட்டத்தை ஆடுவது என்பதைப் பயிற்சியாளர் 'குவார்ட்டர்பேக்' எனப்படும் ஆட்டநாயகருக்குத் தெரிவிக்க வேண்டும். கிளீவ்லாந்து பிரௌன்ஸ் அணியின் பயிற்சியாளர் பால் பிரௌன், வீரர்களை மாற்றி மாற்றி உள்ளே அனுப்பி அவர்கள் வாய்மொழியாகச் செய்தி சேர்த்து வந்தார். 1956ல் ஒஹையோவைச் சேர்ந்த ஜான் கேம்ப்பெல், ஜார்ஜ் சார்ல்ஸ் என்ற இருவர், ஒரு சிறு ரிசீவரைத் தலைக்கவசத்துக்குள் பொருத்தித் தந்தனர். குவார்ட்டர்பேக் ஜார்ஜ் ரேட்டர்மனின் காதில் பயிற்சியாளரின் குரல் நேரே ஒலித்தது.

மறைபொருள் விரைவில் வெளிப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி, தன் பக்கத்து இருக்கையில் ஒரு ரிசீவரை வைத்துக்கொண்டு பிரௌனின் சொற்களைக் கேட்டதாகவும், முன்பு பிரௌனிடம் இருந்த வீரர் ஒருவர் அவற்றின் பொருளைச் சொல்லித் தந்ததாகவும் அக்காலச் செய்திகள் கூறுகின்றன. மாஸ்கலின் செய்ததன் மறுபக்கம் இது. ஆட்டம் 21-9 என்று ஜயன்ட்ஸ் வசமாயிற்று. அடுத்த சில நாட்களில் லீக் ஆணையர் பெர்ட் பெல் தலைக்கவச வானொலிக்குத் தடை விதித்தார். மீண்டும் அனுமதி கிடைக்க 1994 ஆயிற்று. இப்போது ஆட்டக் கடிகாரத்தில் 15 நொடி எஞ்சியிருக்கும்போது தொடர்பு தானாகத் துண்டிக்கப்படும். அதன்பின் வீரர் தன் அறிவைக்கொண்டே ஆட வேண்டும்.

கிரிக்கெட் அறிந்த நம் வாசகர்களுக்கு இதன் இணையான காட்சி நினைவிருக்கலாம். 1999 உலகக் கோப்பையில் ஹோவ் மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராக ஆடிய தென்னாப்பிரிக்கத் தலைவர் ஹன்சி குரோன்யே, காதில் கருவி பொருத்திப் பயிற்சியாளர் பாப் உல்மரின் சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆட்ட நடுவரின் தலையீட்டால் அது கழற்றப்பட்டது. விதிகளில் அதற்குத் தடை எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. எதிரணிக்கு இல்லாத ஒரு காது இவர்களுக்கு இருக்கலாமா என்பதே கேள்வி. நியாயம் பற்றிய இந்தக் கேள்வி பின்னர் நமக்குப் பயன்படும்.

*

அரங்குகளில் இந்தப் பேச்சு முதலில் கம்பியில்தான் ஓடியது. 1968ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தோன்றிய கிளியர்-காம் நிறுவனம், காதைப் பிளக்கும் ராக் இசைக்கு நடுவே பணியாளர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளக் கருவி செய்தது. எல்லாரும் ஒரே கம்பியில் தொங்கினார்கள்; ஒருவர் பேசினால் அனைவரும் கேட்டார்கள். கம்பி அறுந்தபோது நடமாடும் வசதி வந்தது. கூடவே குறுக்கீடும் வந்தது.

இங்கே சிக்கல் வானொலியைவிடக் கடினமானது. ஹெட்செட் அணிந்தவர் கேட்டுக்கொண்டே பேசவும் வேண்டும். அவர் இடுப்பிலுள்ள டிரான்ஸ்மிட்டர், அவருடைய ரிசீவரிலிருந்து ஒரு சாண் தொலைவில்கூட இல்லை. டைட்டானிக்கின் அருகாமைச் சிக்கல் ஒரே பெட்டிக்குள் வந்து குடியேறியதுபோல. அதனால் பழைய கருவிகளில் அனுப்பும் அதிர்வெண்ணும் பெறும் அதிர்வெண்ணும் வெகுதூரம் விலக்கி வைக்கப்பட்டன.

அடுத்தது, அலைகள் கலந்து ஈனும் குட்டி அலைகள். 500, 501 மெகாஹெர்ட்ஸில் இரு டிரான்ஸ்மிட்டர்கள் நெருங்கி நின்றால், எவரும் அனுப்பாத 499லும் 502லும் புதிய அலைகள் தோன்றும். ஒன்றின் இருமடங்கிலிருந்து மற்றதைக் கழித்தால் கிடைக்கும் எண்கள் அவை. ஆகவே அதிர்வெண்களைச் சம இடைவெளியில் பங்கிட்டுத் தருவது ஆபத்தானது. 500.0, 500.4, 500.8 என்று மூவருக்கு ஒதுக்கினால், முதல் இருவர் பேசும்போது பிறக்கும் குட்டி அலை நேராக மூன்றாமவரின் 500.8ல் போய் விழும். பார்வைக்கு நேர்மையான சமபங்கீடு நடைமுறையில் அநீதியாகிவிடுகிறது. அதனால் அனுபவமுள்ள ஒலிப்பொறியாளர் தம் பட்டியலைக் கோணல்மாணலாகத்தான் தயாரிப்பார்.

வேறொரு வழி, ஓரிடத்தில் நில்லாமல் தாவிக்கொண்டே இருப்பது. 1942 ஆகஸ்டில் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தீலும் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை இதைச் சார்ந்தது. வானொலியால் இயக்கப்படும் நீர்மூழ்கிக் குண்டின் அலைவரிசையைப் பகைவர் அடைத்துவிடாதபடி, இரு முனைகளிலும் ஒரே கணத்தில் அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே போவது. தானியங்கிப் பியானோவின் துளையிட்ட காகிதச் சுருளைப்போல ஒரு சுருள் இருபுறமும் ஓடும். அதிர்வெண்கள் 88, பியானோவின் கட்டைகள் அளவு. இன்றைய வைஃபை முழுவதும் இவரிடமிருந்தே பிறந்தது என்று சொல்வது மிகை; அக்காலக் கடற்படை அதைப் பயன்படுத்தவில்லை. தாவும் எண்ணமும் அவருக்கு முன்பே சிலரிடம் இருந்தது. ஆயினும் அந்தக் காப்புரிமை தெளிவானது, அழகானது.

1985ல் அமெரிக்க ஆணையம், மைக்ரோவேவ் அடுப்பு போன்ற கருவிகளின் கசிவுக்கென விடப்பட்டிருந்த 900 மெகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ், 5.8 கிகாஹெர்ட்ஸ் பகுதிகளை, அலையைப் பரப்பியோ தாவியோ பேசும் கருவிகளுக்கு உரிமமின்றித் திறந்துவிட்டது. குறுக்கீட்டைச் சகித்துக்கொள்ள வேண்டும், பிறருக்குத் தீங்கு செய்யக்கூடாது என்பதே நிபந்தனை. புளூடூத் இந்த வெளியில் நொடிக்கு 1,600 முறை, 79 இடங்களுக்கிடையே தாவுகிறது. 2003ல் வந்த அதன் மேம்பட்ட வடிவம் இன்னொன்றையும் கற்றது. பிறர் பேசிக்கொண்டிருக்கும் இடங்களை நினைவில் வைத்து அவற்றைத் தவிர்த்துவிடும். ஐரோப்பாவில் வகுக்கப்பட்ட டெக்ட் முறை 1,880 முதல் 1,900 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வெளியில் பத்து அலைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் நொடியின் நூறில் ஒரு பங்குக்குள் 24 துண்டுகளாக வெட்டுகிறது. பேசுமுன் எல்லா இடங்களையும் செவிமடுத்து, எது அமைதியாக இருக்கிறதோ அங்கே போய்ப் பேசுகிறது. அங்கே நெரிசல் வந்தால் பேச்சு அறுபடுமுன்பே இடம் மாறிக்கொள்கிறது. இன்றைய கம்பியில்லா இன்டர்காம்களில் பல இந்த முறையில் இயங்குகின்றன.

கேட்டுவிட்டுப் பேசு, நெரிசலில் ஒதுங்கு என்ற பழைய ஒழுக்கத்தைக் கருவிகளுக்குக் கற்பித்துவிட்டார்கள். இதற்கும் ஒரு விலை உண்டு. பழைய கருவியில் அயல்குரல் கேட்டது; யார் என்று கண்டுபிடிக்க ஒரு துப்பாவது கிடைத்தது. எண்முறைக் கருவியில் அயல்குரல் கேட்பதில்லை. சொல் மட்டும் விட்டுப்போகிறது. பக்கத்துவீட்டுக்காரர் இருக்கிறார் என்பதே தெரியாமல் போய்விட்டது.

*

இதற்கிடையே அலைவெளி விற்பனைப் பொருளாயிற்று. அலைக்கற்றை என்ற சொல் 2ஜி வழக்கின் வழியே தமிழ் நாளிதழ்களில் பரவலானது வாசகர்கள் அறிந்ததுதான். அதற்கும் முன்பே 1995 பிப்ரவரியில், 1993ன் ஹீரோ கோப்பைக் கிரிக்கெட் ஒளிபரப்பில் எழுந்த வழக்கில், வானலைகள் பொதுச்சொத்து என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 1927ன் அமெரிக்கச் சட்டத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் கம்பியில்லா மைக்குகளும் இன்டர்காம்களும் தொலைக்காட்சி அலைவரிசைகளின் இடைவெளிகளில் பல ஆண்டு காலம் ஒண்டுக்குடித்தனம் செய்துவந்தன. 2010 ஜூனில் 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியிலிருந்து மைக்குகள் வெளியேற்றப்பட்டன. 2017ல் முடிந்த ஏலத்தில் 600 மெகாஹெர்ட்ஸ் பகுதி கைப்பேசி நிறுவனங்களுக்குப் போனது. ஏலத்தொகை ஏறத்தாழ 1,980 கோடி டாலர். விற்கப்பட்ட இடத்தைக் காலிசெய்ய 2020 ஜூலை வரை தவணை தரப்பட்டது. பழைய கருவிகள் பல பயனற்றுப் போயின. ஆர்ம்ஸ்ட்ராங் காலத்து ரிசீவர்களின் கதை மீண்டும் நடந்தது. 2014ல் ஆணையம், வழக்கமாக 50 அல்லது அதற்கு மேற்பட்ட மைக்குகளைப் பயன்படுத்தும் அரங்குகளும் நிறுவனங்களும் உரிமம் பெற்றுப் பாதுகாப்புக் கோரலாம் என்று விதித்தது. பிராட்வேயின் பெரிய அரங்குகளுக்கு அது உதவும். பன்னிரண்டு மைக்கோடு நாடகம் போடும் பள்ளிக்கூடத்துக்கும் சிறு குழுவுக்கும் அந்தக் கதவு மூடியே இருந்தது. எண்ணிக்கை குறைந்தவருக்கே பாதுகாப்பு அதிகம் தேவை என்பது எவர் கண்ணிலும் படவில்லை போலும்.

*

2015 செப்டம்பர் 10ஆம் நாள் ஃபாக்ஸ்பரோவில் நடந்த ஆட்டம் மேலே சொன்னவற்றையெல்லாம் ஒரே மாலையில் தொகுத்துக் காட்டியது. உள்ளூர் அணியான நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸை எதிர்த்து ஆடிய பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிப் பயிற்சியாளர்களின் ஹெட்செட்டில், முதல் காற்பகுதியில், பேட்ரியட்ஸ் வானொலியின் நேர்முக வர்ணனை கேட்கத் தொடங்கியது. 2007ல் எதிரணியின் கைச்சைகைகளைப் படமெடுத்துத் தண்டனை பெற்ற அணி என்பதால் ஐயம் உடனே ஒரே திசையில் பாய்ந்தது. லீக் தந்த விளக்கமோ வேறாக இருந்தது: மைதானத்தின் மின்வழங்கல் கோளாறு, மழை அதை மிகுவித்தது, இரு அணிகளின் கருவிகளும் லீக் வழங்கியவையே, மின்கோளாறு சரியானதும் ஹெட்செட்டும் சரியாயிற்று. மின்னிணைப்போ நிலத்தொடர்போ சீர்கெட்டால், அலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு கம்பியே ஆன்டெனாவாக மாறக்கூடும் என்பது பொறியாளர்கள் நன்கறிந்தது. விளக்கத்தை ஏற்காதவர்களும் இருந்தார்கள். ஒருமுறை போக்கிரித்தனம் நிகழ்ந்த இடத்தில், விபத்தும் போக்கிரித்தனமாகவே தெரியும்.

இத்தகைய மைதானங்களில் ஒரு பழைய வழக்கம் இன்றும் தொடர்கிறது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அலை ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருப்பார். ஒலிபரப்புப் பொறியாளர் சங்கத்தோடு இணைந்து லீக் செய்துள்ள ஏற்பாடு இது. தொலைக்காட்சிக் குழு, செய்தியாளர், காவலர், இசைக்குழு என்று அலை எழுப்பும் ஒவ்வொருவரும் தம் அதிர்வெண்ணை அவரிடம் பதிவு செய்ய வேண்டும். முன்பே சொன்ன கோணல்மாணல் பட்டியலை அவர் தயாரிக்கிறார். யார் எங்கே பேசுகிறார் என்று செவிமடுத்தபடி மைதானத்தைச் சுற்றி வருகிறார். தாவும் கருவிகளும் ஒதுங்கும் கருவிகளும் வந்த பிறகும் இந்த மனிதரின் வேலை போகவில்லை. எண்முறையில் காணாமற்போன பக்கத்துவீட்டுக்காரர்களைப் பெயர் சொல்லி அறிந்திருப்பவர் இப்போது அவர் ஒருவர்தான்.

இன்னொரு விதியும் உண்டு. ஓர் அணியின் பயிற்சியாளர்கள் தமக்குள் பேசும் ஹெட்செட் பழுதானால், அது சரியாகும் வரை எதிரணிப் பயிற்சியாளர்களும் தம்முடையதைக் கழற்றிவைக்க வேண்டும். இந்த விதி குறுக்கீட்டை நீக்குவதில்லை. அதன் காரணத்தைக்கூட ஆராய்வதில்லை. குறுக்கிட்டது பகைவனா, பக்கத்துவீட்டுக்காரனா, மழையா என்ற வழக்கு முடிய நாளாகும், ஆட்டம் அதுவரை காத்திருக்க முடியாது என்பதை ஏற்றுக்கொண்டு, சங்கடத்தை மட்டும் இருவருக்கும் பொதுவாக்குகிறது. அதனால் பிறருடைய ஹெட்செட் நன்றாக இயங்க வேண்டும் என்ற அக்கறை இருதரப்புக்கும் ஏற்படுகிறது. ஹோவ் மைதானத்தில் எழுந்த நியாயக் கேள்விக்கு இது ஒரு விடை.

சுருதி சேர்த்தல், வெளியைப் பங்கிடுதல், தாவுதல், ஒதுங்குதல் என்று நூற்றாண்டுக்கும் மேலாகத் தேடிய வழிகள் அனைத்தும் பயன்பட்டிருக்கின்றன. எதுவும் போதுமானதாக இல்லை. கருவிகள் பெருகப் பெருக வெளி சுருங்குகிறது. விற்கப்பட்டது போக எஞ்சியதில் இன்னும் நெருங்கி நிற்க வேண்டியிருக்கிறது. நெருங்கி நிற்பவர்களுக்கு அடுத்தவர் குரல் கேட்கத்தான் செய்யும். அதை வெறும் இரைச்சல் என்று முடிவுகட்டி வாயடைக்குமுன், அது என்ன சொல்ல வந்தது என்று ஒரு கணம் கேட்டுப்பார்க்கலாம் என்பதை 1912ன் அந்த இரவு உணர்த்துகிறது.